குடும்பத்தோடு தங்க ஓர் இடம்

சில ஊர்களின் பெயரைக் கேட்டவுடனேயே அவை எதற்காகத் தோன்றின என்பது விளங்கிவிடும். சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் செல்லும் நெடுஞ்சாலையில், திருத்தணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் கிழக்கே அமைந்திருக்கிறது கனகம்மாசத்திரம். கோட்டையாலோ அங்காடியாலோ பெயர் பெற்ற ஊர் அன்று அது. வழிநடந்து களைத்தவர்கள் தங்கிச் செல்ல ஒரு பெண்மணியின் பெயரால் எழுந்த சத்திரமே ஊரின் பெயராக நிலைத்துவிட்டது. சுங்குவார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று தமிழ்நாட்டுப் பெருவழிகளில் இத்தகைய பெயர்கள் இன்னும் பல உண்டு.

விடுமுறை வந்தால் குடும்பத்தோடு புறப்பட்டு, திறந்த வெளியில் கூடாரம் அடித்துத் தங்குவது ஐரோப்பிய மக்களிடையே பெருவழக்கம். மத்தியதரைக் கடலில் உள்ள கார்சிகா, சார்டினியா போன்ற தீவுகளில் கோடைக்காலத்தில் கடற்கரையோரத்து முகாம்கள் நிறைந்து வழியும். இதைப் படிக்கும்போது நம் இளைஞர்கள் ஏதோ நமக்கு எட்டாத புதுமை என்று எண்ணுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணிக்கு நடந்து செல்லும் குடும்பங்களைப் பாருங்கள். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை, சமையல் பாத்திரம், பாய், போர்வை எல்லாவற்றோடும் தோப்பிலும் மண்டபத்திலும் ஓரிரவு இரண்டிரவு தங்கித்தான் அவர்கள் மலையை அடைகிறார்கள். அங்கே கடலாடப் போகிறார்கள்; இங்கே மலையேறப் போகிறோம். குழந்தையை இரவில் எங்கே படுக்க வைப்பது என்ற கேள்வி இரு சாராருக்கும் ஒன்றே.

அந்தக் கேள்விக்கு விடை காணும் பொறுப்பை முன்னாளில் சத்திரம் கட்டியவர் ஏற்றுக்கொண்டிருந்தார். இன்று வழிப்போக்கரே ஏற்க வேண்டியிருக்கிறது. குடும்பத்தில் வரைபடம் பார்க்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்களாகிய நீங்கள்தான். ஆதலால் இதை உங்களிடம் சொல்வது பொருத்தம் என்று கருதுகிறேன்.

முதலாவது கணக்கு, நடையின் கணக்கு. திடகாத்திரமான ஓர் இளைஞன் மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்துவிடுவான். முதியவரும் சிறுவரும் கலந்த குடும்பம் 3 கிலோமீட்டருக்கு மேல் நடப்பது அரிது. திருவள்ளூரிலிருந்து கனகம்மாசத்திரம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறியதும் நிழலில் ஒதுங்கி, மாலையில் மீண்டும் நடந்தால் அது சரியாக ஒரு பகல் நடை. அங்கிருந்து திருத்தணிக்கு இன்னும் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்கு அவ்வூரை அடைந்த குடும்பம், “இன்னும் கொஞ்சதூரம்தானே” என்று மேலே நடந்தால் நள்ளிரவுக்குச் சற்று முன்புதான் மலையடிவாரம் சேரும். குழந்தைகள் தூங்கி வழிவார்கள். தங்க இடம் தேடும் தெம்பு பெரியவர்களுக்கும் இராது. சத்திரம் ஏன் அந்த இடத்தில் அமைந்தது என்பதை இந்தக் கணக்கு ஒருவாறு விளக்கிவிடுகிறது. தங்குமிடத்தைக் கூட்டத்தில் வலியவனின் காலைக் கொண்டு அளக்கலாகாது. மிக மெலிந்தவரின் காலைக் கொண்டே அளக்க வேண்டும்.

இவ்வாறு மெலிந்தவரை முன்வைத்து எண்ணுவது நம் நாட்டில் பழைய வழக்கம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ஆம் ஆண்டில் ஆங்கில அரசின் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம் ஒன்றில் தம் நாட்டுச் சத்திரங்களின் பணியை விவரித்திருக்கிறார். வந்தவர்க்குச் சோறிடுவதோடு அவை நின்றுவிடவில்லை. நோயாளிகளுக்கு மருத்துவமும், கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கவனிப்பும் அங்கே கிடைத்தன. அடுத்த ஆண்டில் ஒரத்தநாட்டில் அவர் முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். குடும்பத்துக்கு ஏற்ற தங்குமிடம் எது என்று இன்று வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் பட்டியல் போடுகின்றன. அந்தப் பட்டியலில் பாதி அக்கடிதத்திலேயே இருக்கிறது என்பேன்.

இனி நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சற்று விரிவாகவே சொல்லப் போகிறேன். ஏனெனில் மற்றப் பிழைகள் உறக்கத்தைக் கெடுக்கும், இந்தப் பிழை உயிரையே வாங்கிவிடும்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே பிரனீஸ் மலைத்தொடரில் பியேஸ்காஸ் என்ற சிற்றூர் உண்டு. அதனருகே ஒரு முகாம் இருந்தது. சமதரை, மரநிழல், பின்னால் மலை. குழந்தைகளோடு வந்தவர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1996 ஆகஸ்டு 7-ஆம் நாள் மாலை, மேலே மலையில் பெருமழை கொட்டியது. ஆண்டின் பெரும்பகுதி சிறிதளவே நீர் ஓடும் ஓர் ஓடை வழியே வெள்ளமும் சேறும் பாறைகளும் பாய்ந்து வந்து முகாமை வாரிக்கொண்டு போயின. 87 பேர் மாண்டனர். அந்தச் சமதரை எப்படி உண்டாயிற்று என்று எண்ணிப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடை, வேகம் குறையும் இடத்தில் தான் சுமந்து வந்த மண்ணையும் கல்லையும் விசிறிபோல் பரப்பிவிடும். அந்த விசிறியின்மேல்தான் முகாம் அமைந்திருந்தது. நிலத்தைச் சமமாக்கிய கையே ஒருநாள் திரும்பி வந்தது. 2005-இல் ஸ்பெயின் நீதிமன்றம் அந்த இழப்புக்கு அரசுத் துறைகளைப் பொறுப்பாக்கி, இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கொசஸ்தலையாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆந்திரத்துக் கார்வேட்டிநகரத்தின் பக்கத்தில் கிருஷ்ணாபுரம் அணை இருக்கிறது. அங்கே மழை மிகுந்து அணை திறக்கப்பட்டால், நீர் பள்ளிப்பட்டு வழியாக இறங்கிப் பூண்டி ஏரியை நோக்கி வருகிறது. பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கிப் போக்குவரத்து நின்ற செய்தியைப் பத்திரிகைகளில் நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, அதற்காக ம. பொ. சிவஞானமும் அவரைச் சார்ந்தோரும் போராடியதை வரலாற்றுப் பாடத்தில் கற்றிருப்பீர்கள். மாநிலங்களுக்கு எல்லை வகுத்தோம். மழைக்கு எல்லை வகுக்க முடியவில்லை. இங்கே வானம் தெளிவாக இருக்கும், ஆற்றுமணல் பஞ்சணைபோல் மெத்தென்றிருக்கும், நிலவும் காயும். அந்த மணலில் பாய் விரிக்க யாருக்குத்தான் ஆசை வராது? ஆயினும், மேற்கே மின்னல் கண்ட இரவில் ஆற்றுப்படுகையிலும் ஓடைக்காலிலும் ஏரியின் வரத்துக்காலிலும் படுப்பது தகாது. புதர்களிலும் வேலிகளிலும் சருகும் வைக்கோலும் சிக்கி நிற்கும் உயரத்தைப் பாருங்கள். முந்தைய வெள்ளம் எதுவரை வந்தது என்று அது காட்டும். அதைவிட மேடான இடமே தங்கத் தக்கது. மணல் அள்ளிய பள்ளங்கள் நீர் நிறைந்து கிடக்கும் இடங்களும் உண்டு. அவை கரையில் முழங்கால் அளவும், இரண்டடி தள்ளி ஆளாழமுமாக இருக்கும். பகலிலும் குழந்தைகளை அங்கே விடலாகாது.

மேட்டைக் கண்டுபிடித்தபின் நிழலைத் தேடுவோம். நிழலிலும் தரம் உண்டு. 2022 ஆகஸ்டு 18-ஆம் நாள் காலையில் கார்சிகாத் தீவில் எதிர்பாராத புயல் ஒன்று வீசியது. ஓரிடத்தில் காற்றின் வேகம் மணிக்கு 224 கிலோமீட்டர் என்று பதிவாயிற்று. முகாம்களில் மரங்கள் முறிந்து விழுந்தன. அன்று தீவில் இறந்த ஐவருள் 13 வயதுச் சிறுமி ஒருத்தி, தங்கியிருந்த முகாமிலேயே மரம் விழுந்து மாண்டவள். கோடையில் குளிர்ச்சி தந்த மரமே கூற்றாயிற்று. நம் பக்கத்திலும் ஆடி, ஆவணி மாதங்களில் பகல் முழுவதும் புழுங்கி, மாலையில் இடியும் காற்றுமாக மழை வருவது இயல்பே. ஆகவே பட்ட கிளையுள்ள மரம், வேர் அரிக்கப்பட்டுச் சாய்ந்த மரம், ஒற்றையாய் ஓங்கி நிற்கும் மரம் ஆகியவற்றின் கீழ் படுக்கை போடக் கூடாது. ஆடி, ஆவணி பனம்பழம் விழும் காலம் என்பதையும் மறக்கக் கூடாது. பனையடியில் படுப்பவனுக்குப் பேய் பிடிக்கும் என்று பாட்டிமார் அச்சுறுத்துவார்கள். பேயைப் பற்றி எனக்குத் தெரியாது, பழத்தின் எடை தெரியும். தென்னந்தோப்புக்கும் இதே விதிதான். மாந்தோப்பு நல்ல நிழல். ஆனால் முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டியிருக்கின்றனவா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் பாயை விரியுங்கள். என்னைக் கேட்டால், இளமையான வேம்பும் புங்கமும் நிற்கும் தோப்பையே விரும்புவேன். பக்கத்திலுள்ள திருவாலங்காட்டின் பெயரில் ஆலமரம் இருக்கிறது; ஆலின் அகன்ற நிழலும் பகல் இளைப்பாறலுக்கு இனியது.

இடத்தைப் பகலில் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் அங்கே வாழப்போவது இரவில். தரையில் உறங்குவோரை நாடிவரும் ஆபத்துகளில் கட்டுவிரியன் கொடியது. இரவில் நடமாடும் அப்பாம்பு, உறக்கத்தில் கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது. கடிவாய் வீங்குவதும் இல்லை. சற்று நேரத்தில் வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று நஞ்சு வெளிப்படும். கட்டு, கீறல், பச்சிலை என்று காலத்தைப் போக்காமல் மருத்துவமனைக்கு விரைவதே வழி. திருத்தணியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. வருமுன் காப்பது இதனினும் எளிது: கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிவிட்டால், கொசுவோடு பாம்பும் வெளியே நின்றுவிடும். கல்குவியல், விறகுக்கட்டு, வைக்கோற்போர், கறையான் புற்று ஆகியவற்றை விட்டு விலகிப் படுக்க வேண்டும்.

பாம்பைவிட எனக்கு அச்சம் தருவது நெடுஞ்சாலை. மாட்டுவண்டி சென்ற காலத்தில் சாலையோரத்துப் புளியமரம் பாதுகாப்பான படுக்கையிடம். இன்று இரவெல்லாம் கனரக லாரிகள் ஓடும் வழி அது. தார்ச்சாலையின் விளிம்பு தூசியின்றிச் சுத்தமாக, இளஞ்சூடாக இருக்கிறதென்று அதில் துண்டை விரிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். சாலை வளைவின் வெளிப்புறத்தில், தடுமாறும் வண்டி ஓடிவந்து சேரும் இடத்தில், ஒருபோதும் படுக்கக் கூடாது. நின்றிருக்கும் லாரியின் அடியிலும் பின்னாலும் அவ்வாறே. சாலைக்கும் படுக்கைக்கும் இடையே ஒரு சுவரோ கட்டடமோ வாய்க்காலோ இருக்கட்டும்.

பெண்கள் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. அதை ஆண்களே முதலில் கேட்டுவிடுவது பண்பாடு. ஒதுங்கும் இடம் எங்கே? விளக்கு உண்டா, தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் உண்டா? இம்மூன்றும் இல்லாத இடம் எவ்வளவு அழகாயிருந்தாலும் குடும்பத்துக்கு உரியது அன்று. கட்டணம் சிறிது கூடினாலும் தேவஸ்தான விடுதியையோ திருமண மண்டபத்தையோ நாடுவதே மேல். கிருத்திகையன்றும் அதனைத் தொடரும் மூன்று நாள் தெப்பத் திருவிழாவிலும் மலையடிவாரத்தில் இலட்சக்கணக்கானோர் கூடுவர்; அங்கே அறை கிடைப்பது அரிது. ஆகவே, ஒரு நாள் நடைக்கு முன்னாலேயே தங்கி, விடியலில் கிளம்பி, காலை வெயிலுக்குள் மலைக்கு உரிய 365 படிகளையும் ஏறிவிடும் குடும்பங்களின் திட்டம் எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

குடிநீரை ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்க வேண்டும். அடுப்பை, காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கத்தில், படுக்கைக்கு எட்டத்தில் மூட்ட வேண்டும். கார்சிகாவில் கோடையில் திறந்த வெளியில் தீ மூட்டவே தடை உண்டு. குறித்த முகாம்களுக்கு வெளியே கூடாரம் அடிக்கவும் தடை உண்டு. நம் தோப்புகளில் அப்படிச் சட்டம் பேசுவோர் இல்லை. ஆனால் தோப்புக்கு உடையவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டால், கிணறு எது, பாம்புப் புற்று எது, சென்ற ஆண்டு வெள்ளம் எதுவரை வந்தது என்பதையெல்லாம் அவரே சொல்லிவிடுவார்.

இவ்வளவையும் பார்க்க வெளிச்சம் வேண்டும். ஆகவே கதிரவன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே தங்குமிடத்தை அடைந்துவிடுங்கள். மூட்டையை அவிழ்க்குமுன் அந்த இடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். தம்பி தங்கையரையும் அழைத்துச் சென்று கிணற்றையும் சாலையையும் காட்டி, இவற்றின் பக்கம் போகலாகாது என்று சொல்லிவையுங்கள். பிறகு பாட்டியின் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை உள்ள வழியில் கல், வேர், கயிறு எதுவும் இல்லாமல் அகற்றி, அந்த வழியின் நடுவே ஒரு விளக்கை வைத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள்.