ஊசி போட்ட பின் நெஞ்சு வலித்தால்...

தாராவி 60 அடி ரோட்டில் இருக்கிறது, சோட்டா சயான் ஆஸ்பத்திரி. 2021-ம் ஆண்டு மார்ச் மாதம் அங்கே கொரோனா தடுப்பு ஊசி போடத் தொடங்கினார்கள். ஊசி போட்டதும் வீட்டுக்கு விடுவதில்லை. அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். வேலைக்கு நேரமாகிறதே என்று முணுமுணுத்தவர்கள் பலர்.

அந்த அரை மணி வீண் அல்ல. மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். மூச்சு திணறும். இரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். கையோடு அட்ரினலின் ஊசி போட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். 2021 மார்ச் 8-ந் தேதி ஊசி போட்டுக்கொண்ட 68 வயது முதியவர் ஒருவர் இந்த ஒவ்வாமையால் இறந்ததை மத்திய அரசின் ஆய்வுக் குழுவே ஒப்புக்கொண்டது.

இருதயத்தின் கதை வேறு. அது அரை மணியில் தெரியாது.

விவேக் மரணம்

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ந் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார். 17-ந் தேதி அதிகாலை உயிர் பிரிந்தது. இருதயத்துக்குப் போகும் முக்கிய இரத்தக் குழாய் முழுவதும் அடைத்திருந்தது என்றார்கள் டாக்டர்கள். ஒரே நாளில் அப்படி அடைப்பு வளர்ந்துவிடாது. ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று தேசியக் குழுவும் அந்த அக்டோபரில் முடிவு சொன்னது. ஆனால் அதற்கு ஆறு மாதம் ஆயிற்று. அதுவரை ஜனங்கள் சும்மா இருப்பார்களா? தமிழ்நாட்டில் பலர் ஊசி என்றாலே ஒதுங்கிப் போனார்கள்.

பயம் முழுவதும் பொய்யும் அல்ல. கோவிஷீல்டு போட்ட மிகச் சிலருக்கு இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் குறைந்து, அதே சமயம் குழாய்களில் இரத்தம் கட்டியது. 2021 மே மாதம் மத்திய குழு 498 கடுமையான கேஸ்களைப் பார்த்தது. அவற்றில் 26 பேருக்கு இரத்தக் கட்டு ஏற்பட்டிருக்கலாம் என்றது. பத்து லட்சம் ஊசிக்கு 0.61. இங்கிலாந்தில் 4, ஜெர்மனியில் 10 என்று கணக்கு.

நமக்கு மட்டும் ஏன் குறைவு? நம் உடல்வாகு காரணமாக இருக்கலாம். யாரும் எழுதி அனுப்பாததும் காரணமாக இருக்கலாம். நாட்டின் 753 மாவட்டங்களில் 684-ல் இருந்துதான் பக்க விளைவு பற்றிய தகவலே வந்தது. மீதி 69 மாவட்டங்களில் ஒருவருக்குக் காய்ச்சல்கூட வரவில்லையா? சாலில் நள்ளிரவில் ஒருவர் விழுகிறார். மாரடைப்பு என்கிறார்கள். காலையில் எரித்துவிடுகிறார்கள். அவர் எந்தக் கணக்கில் வருவார்?

இளைஞர் சாவு

நல்ல வயதில் திடீரென்று சாகிறவர்களைப் பற்றி 47 பெரிய ஆஸ்பத்திரிகளில் 2023-ல் ஆய்வு நடந்தது. நடத்தியது சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோய் நிறுவனம். 18 முதல் 45 வயது வரை இறந்த 729 பேரின் விவரம் பார்க்கப்பட்டது. ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்று தெரிந்தது. கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தது, குடும்பத்தில் திடீர்ச் சாவு, மிதமிஞ்சிய குடி, கடும் உடல் உழைப்பு ஆகியவைதான் கூட்டின. மூட்டை தூக்கிவிட்டு இரவில் மிதமிஞ்சிக் குடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

வெளிநாடுகளில் பைசர், மாடர்னா ஊசிக்குப் பிறகு சில வாலிபர்களுக்கு இருதயத் தசை வீங்கியது. பெரும்பாலோர் குணமடைந்தார்கள். நம் அரசு போட்ட ஊசிகளில் அவை இல்லை.

என்ன செய்வது?

கோவிஷீல்டு போட்டவர்கள் 20 நாள் வரை கவனிக்கச் சொன்னது அரசு. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கை கால் வீக்கம், ஊசி போடாத இடத்தில் சிவப்புப் புள்ளிகள், விடாத தலைவலி, வயிற்று வலி. இவற்றில் எது வந்தாலும் ஊசி போட்ட இடத்தில் சொல்ல வேண்டும் என்றது.

2021 ஆகஸ்டு 15 முதல் இரண்டு ஊசி சர்டிபிகேட் இருந்தால்தான் லோக்கல் ரெயில் பாஸ். அதனால் வயிற்றுப்பாட்டுக்காகவே ஊசி போட்டவர்கள் மாதுங்காவிலும் செம்பூரிலும் ஏராளம். அந்த விதி போய்விட்டது. சர்டிபிகேட்டைக் கிழித்துப் போட வேண்டாம். எந்த ஊசி, எந்தத் தேதி என்பது அதில்தான் இருக்கிறது. குழந்தைகளுக்குப் போடும் ஊசிக்கும் இதேதான். அட்டை, இ.சி.ஜி., டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் வேண்டும். சந்தேகச் சாவு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். அவை இல்லாத கேஸ்களை, முடிவு சொல்ல இயலாதவை என்று குழு தனியாக ஒதுக்கி வைத்துவிடுகிறது.