வர்ணத்தின் இரு கூறுகள்

யாழ்ப்பாணத்தில் இசை பயில்வோருக்கு மருதனார்மடம் என்ற பெயர் தனிப் பொருளுடையது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டு பெண்கல்விக்கென நிறுவிய கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அவருடைய மருகர் சு. நடேசபிள்ளை 1960இல் தோற்றுவித்த இசைக்கழகமும் அங்கேயே வளர்ந்தது. மகாராஜபுரம் சந்தானம் அதன் அதிபராக விளங்கினார். 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. அங்கும் பிற இடங்களிலும் கருநாடக இசை பயிலும் மாணாக்கர் எவரும் கடந்தே தீரவேண்டிய வாயில் ஒன்றுண்டு. அதுவே தான வர்ணம்.

வர்ணத்தின் உறுப்புகள் எவை என்று கேட்டால், பல்லவி, அனுபல்லவி, முத்தாயிசுரம், சரணம், எத்துக்கடைச் சுரங்கள் என மாணாக்கர் தடையின்றி ஒப்புவிப்பர். அவை ஐந்து; ஆனால் உருவம் இரண்டே கூறு. முதல் மூன்றும் பூர்வாங்கம், பின்னிரண்டும் உத்தராங்கம். இப்பகுப்பு வெறும் பெயரன்று. பூர்வாங்கத்தில் முத்தாயிசுரம் முடிந்ததும் பாட்டுப் பல்லவிக்கே திரும்புகிறது. பல்லவியே அங்கு வீடு. உத்தராங்கத்திலோ சரண அடி புது வீடாகிறது. பல வர்ணங்களில் அவ்வடி பஞ்சமத்தை ஒட்டிய மேற்பகுதியில் உலவும். எத்துக்கடைச் சுரங்கள் ஒன்றினொன்று நீண்டு வளர்ந்து, ஒவ்வொரு முறையும் அச்சரண அடியையே வந்தடையும்.

மேலைநாட்டு இசையிலும் இருகூற்று உருவம் உண்டு. பாக் (1685–1750) என்னும் செருமானிய மேதையின் ஆடலிசைத் தொகுதிகளில் அதனைத் தெளிவாகக் காணலாம். முதற்கூறு தன் ஆதார சுருதியை விட்டு, பெரும்பாலும் பஞ்சமத்தையே புதிய ஆதாரமாகக் கொண்டு நிற்கும். இரண்டாங்கூறு அங்கிருந்து புறப்பட்டுப் பழைய ஆதாரத்துக்கு மீளும். நம் இசையில் தம்பூராவின் சட்சம் அசைவதில்லை. அங்கே ஆதாரம் பெயர்கிறது; இங்கே திரும்பி வந்து சேரும் அடி பெயர்கிறது. வழி வேறாயினும், புறப்பாடு இரண்டுக்கும் பொது.

ஆனால் மீட்சி? இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். இன்று வர்ணத்தைச் சரண அடியோடு முடித்துவிடுவதே வழக்கம். முற்காலத்தில் அவ்வாறன்று. பழைய வர்ணங்கள் சிலவற்றில் எத்துக்கடைச் சுரங்களுக்குப் பின் அனுபந்தம் என்றோர் உறுப்பு இருந்தது. அது பாடுவோரை மீண்டும் பூர்வாங்கத்துக்கு அழைத்துச் சென்றது. வர்ணம் தொடங்கிய இடத்திலேயே நிறைவெய்தியது. 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ அத்தகைய பழைய மரபைச் சுரதாளக் குறிப்போடு காத்துத் தந்திருக்கிறது.

அனுபந்தம் வழக்கொழிந்ததால் நாம் இழந்தது சில வரிகளை மட்டுமன்று என்பது என் எண்ணம். இரண்டு கூறுகளையும் ஒன்றாக்கிய முடிச்சையே இழந்தோம். அதனால் உத்தராங்கம் விரலும் குரலும் பழகும் சுரப்பயிற்சியாகச் சுருங்கிவிட்டது. மாணாக்கர் பலர் சரணம் தொடங்கியதும் விரைவையே நாடுவதை நான் கேட்டிருக்கிறேன். மேலே சென்ற இசை எதைவிட்டுச் சென்றது என்ற நினைவு அவர்தம் பாட்டில் இல்லை.

மேடை வழக்கை மாற்றுவது எளிதன்று. வகுப்பறையிலோ அது இயலும். ஆசிரியர் ஒருமுறையேனும் சரணத்துக்குப் பின் பல்லவியைப் பாடிக்காட்டட்டும். பழைய அனுபந்தம் கிடைக்குமிடத்து அதனையும் கற்பிக்கட்டும். முன்பு கேட்ட அதே பல்லவி, உத்தராங்கத்தைக் கடந்து வந்தபின் வேறொரு நிறைவோடு ஒலிப்பதை மாணாக்கர் தாமே உணர்வர். இருகூற்று உருவத்தின் பொருளை அதனினும் தெளிவாக விளக்கும் இலக்கணம் வேறில்லை.