ஒரே வாயில் கொண்ட சுரங்கம்

இங்கிலாந்தின் வடகிழக்கே, நார்தம்பர்லாந்தில், கடற்கரையை அடுத்து நியூ ஹார்ட்லி என்னும் சிற்றூர் உளது. நிலக்கரிச் சட்ட வரலாற்றில் அவ்வூர்ப் பெயர் அழியா இடம் பெற்றது.

‘சுரங்கம்’ என்றவுடன் மலையைக் குடைந்த வழியே மாணவர் நினைவிற்கு வரும். ஹார்ட்லிச் சுரங்கமோ முதலில் ஒரு கிணறு. அதன் ஆழத்திலிருந்தே வழிகள் பக்கவாட்டில் பிரியும். 1845இல் தோண்டத் தொடங்கிய ‘ஹெஸ்டர் குழி’யின் ஆழம் ஏறத்தாழ 600 அடி, அகலம் 12 அடி. மரப்பலகைத் தடுப்பு ஒன்று அதனை மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிரித்தது. ஒருபுறம் நற்காற்று இறங்கும். மறுபுறம் கெட்ட காற்று ஏறும். ஆள், கரி, நீர்க்குழாய் அனைத்திற்கும் அவ்வொரு வாயிலே வழி. இரண்டாம் குழிக்குச் செலவு மிகும் என்று அந்நாளில் உரிமையாளர் பலரும் இவ்வாறே செய்துவந்தனர். இதனைச் சிக்கனம் எனல் பொருந்தாது.

ஊறும் நீரை இறைக்கக் குழிவாயிலில் பெரியதொரு நீராவிப்பொறி நின்றது. ஏற்றத்தின் துலாவைப் போல ஏறி இறங்கும் அதன் வார்ப்பிரும்பு உத்திரம் 40 டன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும். இழுவிசைக்கும் அதிர்ச்சிக்கும் எளிதில் முறியும்.

1862 ஜனவரி 16ஆம் நாள் முற்பகல், முறை மாறும் வேளையில், அவ்வுத்திரம் நடுவே முறிந்தது. ஒரு பாதி குழிக்குள் விழுந்து, தடுப்பையும் மரச்சட்டங்களையும் நொறுக்கி வழியை அடைத்தது. மேலேறிக்கொண்டிருந்த கூண்டில் இருந்த எண்மருள் ஐவர் மாண்டனர். இரு முறையினரும் கீழே சேர்ந்திருந்தமையால் சிக்கியோர் தொகை 199 ஆயிற்று. தந்தையும் மக்களுமாகச் சிக்கிய குடும்பங்கள் பல.

மீட்புப் பணிக்கு வில்லியம் கூல்சன் என்னும் குழிதோண்டும் வல்லுநர் தலைமை தாங்கினார். இடிபாடுகளைத் துண்டு துண்டாக அகற்றி, ஆறு நாள் கழித்து உள்ளே சென்றபோது ஒருவரும் உயிருடன் இல்லை. பசியன்று, நீருமன்று, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்றே அவர்களைக் கொன்றது.

அவ்வாண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது: சுரங்கத்திற்கு வாயில் இரண்டு வேண்டும், அவற்றிடையே தோண்டப்படாத நிலம் 10 அடியேனும் இருத்தல் வேண்டும். பலகைத் தடுப்பு இனி இரண்டாம் வாயிலாகக் கணக்கிடப்படாது. பழைய சுரங்கங்களுக்கு மட்டும் தவணை அளிக்கப்பட்டது.

இறந்தோருள் சிறுவரும் இருந்தனர் என்பது ஆசிரியர் கருதத்தக்கது. 1860ஆம் ஆண்டுச் சட்டப்படி, 12 வயதிற்குட்பட்ட சிறுவன் எழுதப் படிக்க அறிந்தமைக்குச் சான்று காட்டினாலோ, பள்ளிக்கும் சென்று வந்தாலோ சுரங்கத்தில் இறங்கலாம்! எர்ஸ்டன் ஊர்த் தேவாலய வளாகத்தில் நிற்கும் நினைவுத்தூணில் மாண்டோர் பெயர்கள் வயதுடன் பொறிக்கப்பட்டுள்ளன.