அந்திப் பொழுதும் ஆட்டச் சட்டையும்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தை அடுத்த தெருக்களிலும், தாமிரபரணிக் கரையோரத்து ஊர்ப் பொட்டல்களிலும், பள்ளிக்கூடம் விட்டபின் கால்பந்தாட வருகிற சிறுவர்கள், கட்சி பிரித்த மாத்திரத்தில் செய்கிற முதற்காரியம், ஒரு கட்சியார் தங்கள் சட்டையைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிடுவதுதான். சட்டை போட்ட கட்சி, சட்டை போடாத கட்சி என்று இரண்டே பிரிவு. அதற்குமேல் வர்ணமும் வேண்டாம், விதிப்புத்தகமும் வேண்டாம். எந்த ஆசிரியரும் கற்பிக்காமலே தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இந்த வழக்கத்தில், உலகப் போட்டிகளை நடத்துகிற பெரிய ஸ்தாபனங்கள் பல சங்கடங்களுக்குப் பிறகு கண்டுகொண்ட ஓர் உண்மை அடங்கியிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

சர்வதேச ஆட்ட விதிகளில் நான்காவது விதி இதைப் பற்றிச் சுருக்கமாகவே பேசுகிறது. இரு அணியினரும் ஒருவரிடமிருந்து ஒருவரும், நடுவர்களிடமிருந்தும் பிரித்தறியத்தக்க நிறங்களை அணிய வேண்டும். கோல்கீப்பர், மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்தும் நடுவர்களிடமிருந்தும் வேறுபட்ட நிறத்தில் நிற்க வேண்டும். இரண்டு கோல்கீப்பர்களின் சட்டையும் ஒரே நிறமாக அமைந்து, இருவரிடமும் மாற்றுச் சட்டை இல்லாதபோது மட்டும் ஆட்டம் நடக்கலாம் என்று அவ்விதி விலக்களிக்கிறது.

இந்த வாசகத்துக்குப் பின்னால் நெடிய அனுபவம் இருக்கிறது. இங்கிலாந்தின் கால்பந்து லீக் 1890-ஆம் ஆண்டில், ஒத்த நிறங்களை இரண்டு சங்கங்கள் பதிவு செய்துகொள்ளக்கூடாது என்று கட்டளையிட்டது, அது நிலைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு சங்கமும் வேறு நிறத்தில் இரண்டாவது தொகுதி ஒன்றைக் கைவசம் வைத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. ஆதியில் சொந்த மைதானத்துக் கட்சியே, வந்தவர்களை உத்தேசித்துத் தன் சட்டையை மாற்றிக்கொண்டது. 1921-ல்தான் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மாற்ற வேண்டும் என்று முறை திருப்பப்பட்டது. கோல்கீப்பருக்குத் தனி நிறம் என்பதும் 1909-க்குப் பிற்பட்டதே. நம் தேசத்தில் இந்தியன் சூப்பர் லீகின் சென்னை அணிக்கும் பெங்களூர் அணிக்கும் நீலமே சொந்த நிறம். 2018 மார்ச் 17-ஆம் தேதி அவ்விரண்டும் பெங்களூரில் இறுதியாட்டத்தில் சந்தித்து, சென்னை 3-2 என்று வென்றது. இப்படிப்பட்ட சந்திப்புகள் குழப்பமின்றி நடப்பது அந்த இரண்டாவது சட்டையின் உபகாரத்தினால்தான்.

ஆயினும், நிறம் வேறாக இருந்தால் போதும் என்று நினைப்பது பாதி உண்மையே. 1978-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகரில், ஜூன் 10-ஆம் தேதி பிரான்சும் ஹங்கேரியும் மோதவேண்டியிருந்தது. பிரான்சுக்கு நீலம், ஹங்கேரிக்குச் சிவப்பு. மைதானத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு யாதொரு மயக்கமும் இல்லை. ஆனால் அக்காலத்தில் கறுப்பு-வெள்ளைத் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தவர்கள் உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் (நம் நாட்டுக்கே வர்ணத் தொலைக்காட்சி 1982-ல்தான் வந்தது). அந்தத் திரையில் நீலமும் சிவப்பும் ஒரே சாம்பலாகத் தோன்றும் என்பதால், மாற்றிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த ஏற்பாட்டில் நேர்ந்த பிசகினால் இரு அணிகளும் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றன. முடிவில் கிம்பர்லி என்ற உள்ளூர்ச் சங்கத்தாரிடம் பச்சை-வெள்ளைப் பட்டைச் சட்டைகளை இரவல் வாங்கி அணிந்து, தாமதமாகத் தொடங்கிய அந்த ஆட்டத்தில் பிரான்சு 3-1 என்று வென்றது. பிசகு பிசகாகவே இருக்கட்டும்; அதற்கு மூலகாரணமான எண்ணம், அதாவது நிறத்தைக் களைந்துவிட்டாலும் வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வினால் இரு கட்சிகளும் பிரிந்து தெரியவேண்டும் என்ற எண்ணம், மிகச் சரியானது. அது தொலைக்காட்சிப் பெட்டிக்கு மட்டுமன்று, ஆட்டக்காரனின் கண்ணுக்கும் பொருந்தும்.

பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓடுகிறவன் தன் தோழனை நேருக்கு நேர் நோக்குவதில்லை, கடைக்கண்ணால்தான் காண்கிறான். நிறத்தை நுட்பமாக உணரும் கூம்பு வடிவ அணுக்கள் விழித்திரையின் நடுமையத்தில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. அம்மையத்தால் காணக்கூடிய பரப்பு, கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும், அவ்வளவே. அதற்கு வெளியே போகப் போக நிறவுணர்ச்சி மங்கி, வெளிச்சம், இருள், அசைவு ஆகியவற்றை உணரும் சக்தியே மேலோங்கி நிற்கிறது. 1996 ஏப்ரல் 13-ஆம் தேதி சவுத்தாம்ப்டனில் சாம்பல் நிற மாற்றுச் சட்டையோடு ஆடிய மான்செஸ்டர் யுனைடெட் அணி, முதற்பாதியில் மூன்று கோல் வாங்கியபின், இடைவேளையில் நீலமும் வெள்ளையும் கலந்த சட்டைக்கு மாறியது. கூட்டத்தின் பின்னணியில் சாம்பல் நிறம் கரைந்துபோவதால் தங்களவரைத் தாங்களே கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பலர் அதைத் தோற்றவனின் சாக்கு என்று நகைத்தார்கள். பிற்பாதியில் ஆட்டம் திருந்தியதற்குச் சட்டை ஒன்றே காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் கடைக்கண் பார்வையின் இயல்பை அறிந்தவன் அந்தக் காரணத்தை அலட்சியமாகத் தள்ளமாட்டான்.

இனி நம் ஊர் மாலைப்பொழுதுக்கு வருவோம். 1825-ல் வெளியிட்ட தம் நூலில், செக் தேசத்து உடற்கூறு விஞ்ஞானி பர்க்கின்யே ஒரு விநோதத்தைக் குறித்து வைத்தார்: பட்டப்பகலில் ஜொலிக்கிற சிவப்பு, வெளிச்சம் குறைந்த வேளையில் எல்லா நிறத்துக்கும் முந்திக் கறுத்துவிடுகிறது, நீலமும் பச்சையும் அப்போது ஒப்பிடும்போது பிரகாசமாகத் தெரிகின்றன. வெளிச்சம் மங்கும்போது கூம்பணுக்கள் ஓய, விழித்திரையிலுள்ள கோல் வடிவ அணுக்களான கோலணுக்கள் பொறுப்பேற்கின்றன. கோலணுக்களுக்குச் சிவப்பொளி ஏறக்குறைய இல்லாததற்குச் சமம் என்பதே அதன் காரணம். திருநெல்வேலி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகைக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கி, அஸ்தமித்த 22 நிமிஷ அளவில் சந்தி வெளிச்சம் முடிந்துவிடுகிறது; லண்டனில் ஜூன் மாதத்தில் அதே வெளிச்சம் 45 நிமிஷத்துக்கு மேல் நீடிக்கும். அதிலும் பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் பக்கங்களில் மேற்கே பொதிகை மலைத்தொடர் எழுந்து நிற்பதால், பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்கு முன்னமே நிழல் விழுந்துவிடும். பகலெல்லாம் வெயில் சுட்டெரிப்பதால் ஆட்டத்தை மாலைக்குத் தள்ளிவைக்கிற நம் ஊர்களில், கடைசிக் கால்மணி நேரத்தில் சிவப்புச் சட்டைக்காரரும் கருநீலச் சட்டைக்காரரும் ஒருவர்போல் ஒருவர் ஆகிவிடுவது இதனால்தான். செம்மண் தரையாக இருந்துவிட்டால், சிவப்புச் சட்டை பின்னணியோடும் கலந்துவிடுகிறது.

இதைவிடக் கவலைப்படத்தக்கது ஒன்றுண்டு. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத பார்வையுடைய ஆண்கள் ஐரோப்பிய வம்சத்தாரில் நூற்றுக்கு எட்டுப் பேர் வரை உண்டு. இந்தியரிடையே அதைவிடக் குறைவு என்றாலும், சில நூறு மாணவர் படிக்கிற எந்த ஆண்கள் பள்ளியிலும் அப்படிப்பட்ட பையன்கள் சிலர் நிச்சயம் இருப்பார்கள். அணுக்கொள்கையை வகுத்த ஜான் டால்ட்டன், தமக்கே அக்குறை இருப்பதை 1794-ல் மான்செஸ்டர் நகரத்து அறிஞர் சபையில் விவரித்தார். அந்நிறங்களை உணர்த்தும் மரபுக்கூறுகள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பையனுக்கு அது தாய்வழியாகவே வந்துசேருகிறது. தாய்மாமனிடமும் தாயைப் பெற்ற தாத்தாவிடமும் விசாரித்தால் பெரும்பாலும் துலங்கும். தாய்மாமனையே மணக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில், சாமானியமாகப் பெண்களுக்கு அரிதாக வரும் அக்குறை அவர்களுக்கும் வரக்கூடிய வாய்ப்பு சற்று அதிகம். ஆயினும் ரயில்வே உத்தியோகத்துக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போய், ஜப்பானியரான இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புள்ளிப் படங்களைப் பார்த்து எண் சொல்லத் தெரியாமல் திகைக்கும் வரை, பல இளைஞர்களுக்குத் தங்கள் கண்ணின் நிலை தெரிவதில்லை. அத்தகைய பையன் பச்சைச் சட்டைத் தோழனை விட்டுவிட்டுச் சிவப்புச் சட்டை எதிரிக்குப் பந்தைக் கொடுத்துவிட்டால், அவனைக் கவனமில்லாதவன் என்று ஏசுகிறோம். 2018 ஜூன் 14-ஆம் தேதி மாஸ்கோவில் உலகக் கோப்பையின் முதலாட்டமே சிவப்பு ரஷ்யாவுக்கும் பச்சை சவூதி அரேபியாவுக்கும் இடையே நடந்தது; பல நாடுகளில் இப்பார்வை உடையவர்கள் எந்தக் கட்சி எதுவென்று தெரியாமல் தவித்ததை அப்போது வெளிப்படையாகவே முறையிட்டார்கள்.

செவி கேளாத பிள்ளைகளுக்கோ கண்ணே சர்வமும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் முயற்சியால் காது கேளாதோர் கல்வி வேரூன்றிய பாளையங்கோட்டையில் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. காது கேளாதோர் கால்பந்தில் நடுவர் விசிலோடு கொடியையும் உயர்த்திக் காட்டுகிறார். "எனக்குக் கொடு" என்று தோழன் கூவுவது கேட்காத ஆட்டக்காரனுக்கு, அவன் சட்டை கடைக்கண்ணில் பளிச்சென்று படுவதே அந்தக் கூவல்.

ஆகவே பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: இரண்டாவது தொகுதி தைக்கக் கொடுக்கும்போது வேறொரு நிறத்தைத் தேடாமல், முதலாவது கருமையானால் இரண்டாவதை வெளிறியதாகவும், முதலாவது வெளிறியதானால் இரண்டாவதைக் கருமையாகவும் அமைத்துக்கொள்ளுங்கள். அரக்குக்கு மாற்று கரும்பச்சை என்று வாங்குவது பணத்தை வீணாக்குவதே. அரக்குக்கு வெள்ளையோ வெளிர்மஞ்சளோ வேண்டும். இரண்டாவது தொகுதி தைக்க வசதியில்லாத கிராமப் பள்ளிகளுக்கு, முதலாவது கருமையானால், வெள்ளைப் பனியன்களே போதுமானவை. பந்தயத்தன்று சந்தேகம் வந்தால், இரு கட்சியிலிருந்தும் ஒவ்வொரு பையனை மைதானத்தின் எதிர்க்கோடியில் நிறுத்தி, கைபேசியில் ஒரு படம் எடுத்து, அதிலுள்ள வர்ணத்தை முற்றிலும் நீக்கிப் பாருங்கள். இருவரும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், ஆட்டம் தொடங்குமுன் ஒரு கட்சியார் சட்டை மாற்றட்டும். சிவப்புச் சட்டையை மட்டும், படத்தில் தோன்றுவதைவிட இன்னும் ஒருபடி இருட்டாகவே கணக்கில் கொள்ளவேண்டும்.