54 என்றால் என்ன?

யாவர்க்கும் நிரல் – 14

1986 மார்ச் மாதத்தில் ஒரு நாள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், டைலர் நகரம். அங்கிருந்த புற்றுநோய் சிகிச்சை மையத்தில் ‘தெரக்-25’ என்ற கதிர்வீச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் கட்டி எடுக்கப்பட்ட ஒருவர் சிகிச்சைக்கு வந்திருந்தார். அவரை உள்ளே படுக்கவைத்துவிட்டு, வெளியே கணினி முன் உட்கார்ந்து விவரங்களைத் தட்டினார் டெக்னீஷியன். எலெக்ட்ரான் கதிருக்கான எழுத்து விழவேண்டிய இடத்தில் எக்ஸ் கதிருக்கான எழுத்து விழுந்துவிட்டது. கைதேர்ந்தவர், உடனே கவனித்துவிட்டார். கர்சரை மேலே நகர்த்தி அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றினார். சிகிச்சையைத் தொடங்கினார். இயந்திரம் நின்றது. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று வந்தது.

54 என்றால் என்ன? இயந்திரத்தோடு வந்த கையேட்டில் அதற்கு விளக்கம் இல்லை. இப்படி ஏதாவது ஓர் எண்ணைக் காட்டி நிற்பது அந்த இயந்திரத்துக்கு வாடிக்கை. தரவேண்டியதைவிடக் குறைவான கதிரே போயிருக்கிறது என்றும் திரை சொன்னது. ஆகவே ‘தொடர்க’ என்பதற்கான விசையை அவர் அழுத்தினார். உள்ளே படுத்திருந்தவருக்கு, சூடான காப்பியை யாரோ முதுகில் ஊற்றியதுபோல் முதல் தடவையே இருந்தது. அவர் எழுந்திருக்க முயன்றபோது இரண்டாம் தடவை பாய்ந்தது. ஐந்து மாதம் கழித்து இறந்துபோனார்.

அடுத்த மாதம் அதே மையத்தில் இன்னொரு நோயாளி, திரையில் அதே 54. அதற்குப் பிறகு மையத்தின் இயற்பியலாளரும் அந்த டெக்னீஷியனும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, நடந்ததைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். கடைசியில் பிடிபட்டது. அந்தத் திருத்தத்தை எட்டு நொடிக்குள் செய்து முடித்துவிட்டால் திரை ஒன்றைக் காட்டியது, இயந்திரம் வேறொன்றைச் செய்தது.

1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு பேர்மீது இந்த வகை இயந்திரம் அளவுக்கு மீறிக் கதிரைப் பாய்ச்சியது. மூன்று பேராவது அதனால் உயிரிழந்தார்கள். நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதை ஒவ்வோர் அடியாக எடுத்துச் சொல்கிறது. நிரலை எழுதியவர் ஒரே ஒருவர். வெளியாள் யாரும் அதைத் தனியாகப் படித்துச் சோதிக்கவில்லை. எழுதிவைத்த விளக்கங்களும் சொற்பம்.

இந்த வாரம் ஒரு பதிப்பாசிரியரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அதை டைலரில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ‘54 என்றால் என்ன?’ என்பது பதிப்பாசிரியர் தினமும் கேட்கும் கேள்வி. கைப்பிரதியில் புரியாத சொல் வந்தால் அங்கேயே நின்று, பக்கத்தின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, எழுதியவருக்கே திருப்பி அனுப்புவது அவர் தொழில். வாசகருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வாசகர் அவர்.

ஆண்டி ஓரம் 1992இல் அமெரிக்காவின் ஓ’ரெய்லி பதிப்பகத்தில் சேர்ந்தார். (தமிழ்க் காதுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஒரு பதிப்பாசிரியருக்கு அமையாது.) அட்டையில் விலங்குகளின் பழங்காலச் செதுக்குச் சித்திரங்கள் போட்ட கணினிப் புத்தகங்களைக் கல்லூரி நூலகத்தில் பார்த்திருப்பீர்கள், அந்தப் பதிப்பகம்தான். அதற்கு முந்தைய ஆண்டே, நிரல்களைக் கோத்துக் கட்ட உதவும் ‘மேக்’ என்ற கருவியைப் பற்றி ஸ்டீவ் டால்பட்டுடன் சேர்ந்து அங்கே ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அடுத்த கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பிறர் புத்தகங்களைச் செம்மைப்படுத்துவதே அவர் வேலையாயிற்று.

ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் இயங்குதளத்தின் கதையை முன்பே பார்த்தோம். நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. ஆனால் அதைத் தன் கணினியில் நிறுவ நினைத்த ஒருவர் முதல் நாளே முட்டுச்சந்தில் நின்றார். அமெரிக்காவில் வணிகமுறையில் வெளிவந்த முதல் லினக்ஸ் புத்தகங்கள் ஓரத்தின் மேசையைக் கடந்து வந்தவை. மேட் வெல்ஷும் லார் காஃப்மனும் எழுதிய ‘ரன்னிங் லினக்ஸ்’ 1995இல் வந்தது. ரோம் நகரப் பேராசிரியர்கள் பாவெட்டும் செசாட்டியும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் நிரலையே வகுப்பில் மாணவர்களைப் படிக்கவைத்த அனுபவத்தில் எழுதிய பெரிய நூல் 2000இல் வந்தது. ஒரு நிரலைப் பாடநூலைப் போல வரி வரியாகப் படிக்கலாம் என்று அந்த நூல் ஒரு தலைமுறைக்குக் காட்டியது.

காசு வாங்காமல் மென்பொருள் எழுதுகிறவர்களைப் பற்றி எல்லோரும் வியந்துகொண்டிருந்தபோது, காசு வாங்காமல் அதற்குக் கையேடு எழுதுகிறவர்களைத் தேடிப்போய் ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டவர் ஓரம். 2007இல் அந்தக் கருத்தாய்வை வெளியிட்டார். புகழைவிடத் தங்கள் சமூகத்தை வளர்க்கும் ஆசையே அவர்களில் மேலோங்கி இருந்தது. நிரல் எழுதியவருக்குக் கிடைக்கும் கைதட்டலில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காத வேலை அது. அந்த வேலை இல்லாமல் திறந்த கதவுக்குள் யாரும் நுழைய முடியாது.

அதே 2007இல் கிரெக் வில்சனுடன் சேர்ந்து அவர் தொகுத்த ‘பியூட்டிஃபுல் கோட்’ வெளிவந்தது. தலைசிறந்த நிரலாளர்கள் தாங்கள் அழகென்று கருதும் நிரலைப் பற்றி எழுதிய 33 கட்டுரைகள். ராயல்டி ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலுக்குப் போனது. ரூபி மொழியைப் படைத்த யுகிஹிரோ மாட்சுமோட்டோ, நிரலும் ஒரு கட்டுரைதான் என்று அதில் வாதிடுகிறார். அதற்கு அடுத்த கட்டுரையை டெல்லிப் பொறியாளர் அருண் மேத்தா எழுதியிருக்கிறார். இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்காக அவர் செய்த ‘ஈலோகியூட்டர்’ என்ற மென்பொருளின் கதை அது.

உடலில் ஏறக்குறைய எல்லாம் அசைவற்றுப் போன மனிதரால் ஒரே ஒரு பொத்தானை அழுத்த முடியும். அழுத்துவது, அழுத்தாமல் விடுவது என்ற இரண்டே செயல். அந்த இரண்டைக்கொண்டு அவர் எழுத வேண்டும், திருத்த வேண்டும், பேச வேண்டும். தேர்வுகள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. வேண்டியது வரும்போது ஓர் அழுத்து. நிரலில் ஒரு படி கூடினால் அவருடைய நாளில் சில நிமிடங்கள் குறையும். இங்கே நிரலின் அழகு என்பது ஒரு மனிதரின் மூச்சையும் நேரத்தையும் மிச்சப்படுத்துவது. மேத்தா அந்த நிரலைத் திறமூலமாகவே வெளியிட்டார். இன்னொரு நோயாளிக்கு இன்னொருவர் அதை மாற்றிக்கொடுக்கட்டும் என்று.

ஓரம் மருத்துவக் கணினித் துறையின் பக்கம் திரும்பிய காலமும் ஏறக்குறைய இதுதான். 2009 பிப்ரவரியில் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. காகிதக் குறிப்பிலிருந்து கணினிக்கு மாறும் மருத்துவமனைகளுக்கு இரண்டாயிரம் கோடி டாலருக்கும் மேல் ஊக்கத்தொகை. பணம் கொட்டியது, மென்பொருள்கள் விற்றன. ஒரு மருத்துவமனையின் கணினி எழுதியதை அடுத்த தெரு மருத்துவமனையின் கணினியால் படிக்க முடியவில்லை. 2010இல் ஓ’ரெய்லியின் திறமூல மாநாட்டில் மருத்துவத்துக்கென்றே அமர்வுகள் ஒதுக்கப்பட்டன. ‘ஹேக்கிங் ஹெல்த்கேர்’ என்ற புத்தகம் 2011இல் வந்தது. லினக்ஸில் ஜெயித்த திறமூலம் மருத்துவமனையில் ஏன் ஜெயிக்கவில்லை என்பதை ஓரம் வருடக்கணக்கில் விடாமல் எழுதினார்.

அந்தக் கேள்வியின் மையத்தில் ‘விஸ்டா’ இருக்கிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத் துறை நாடு முழுக்க மருத்துவமனைகளை நடத்துகிறது. 1970களின் பிற்பகுதியில் அங்கே டாக்டர்களும் நிரலாளர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் தேவைக்குத் தாங்களே மென்பொருள் எழுதத் தொடங்கினார்கள். தலைமையகத்தின் கணினிப் பிரிவு தடுத்தது. சில இடங்களில் கணினிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், சிலருக்கு வேலை போனது. அப்படியும் நிரல்கள் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறின. 1982இல்தான் துறைத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. பின்னாளில் விஸ்டா என்று பெயர் பெற்றது இதுவே.

கான்சாஸ் மாநிலத்தில் டொபீகா என்ற ஊர். அங்கிருந்த படைவீரர் மருத்துவமனை நர்ஸ் சூ கினிக், 1992இல் ஒரு பயணம் முடிந்து வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தார். ஊழியர் ஒரு கருவியைக் காரின் பார்கோடில் காட்டினார், கணக்கு முடிந்தது. காருக்குச் செய்ய முடிந்ததை மருந்துக்கு ஏன் செய்யக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையில் ஒரு பார்கோடு, மாத்திரையில் ஒரு பார்கோடு. இரண்டும் பொருந்தாவிட்டால் கணினி எச்சரிக்கும். மருத்துவமனைத் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை 1999இல் சொல்லி நாட்டையே உலுக்கியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு நர்ஸ் அதற்கு ஒரு விடையைக் கண்டுவிட்டார். நர்ஸ் சொல்வதைக் கேட்டு மாற்றி எழுதக்கூடிய நிலையில் மென்பொருள் இருந்ததால்தான் அது நடந்தது.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. நகரத்தில் எத்தனையோ பேரின் காகித மருத்துவக் குறிப்புகள் சேற்றோடு போயின. அங்கிருந்து வெளியேறிய படைவீரர்கள் வேறு ஊர்களில் அதே துறையின் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது, அவர்களுடைய மருந்துகளும் பரிசோதனை முடிவுகளும் திரையில் காத்திருந்தன.

விஸ்டாவின் நிரலுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. அரசு ஊழியர் எழுதியது என்பதால் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் யார் கேட்டாலும் கிடைத்தது. ஜோர்டான் நாடு தன் ‘ஹக்கீம்’ திட்டத்தை அதன்மேல் கட்டியது. இருந்தும் லினக்ஸைப் போல அது உலகமெங்கும் வேர்விடவில்லை. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று பதிப்பாசிரியர் கண்ணுக்கு உடனே படுவது. விஸ்டா எழுதப்பட்ட ‘மம்ப்ஸ்’ மொழி 1960களில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பிறந்தது. கணினி நினைவகம் தங்க விலை விற்ற காலம். கட்டளைகளை ஒற்றை எழுத்தாகச் சுருக்கினார்கள். பழகியவருக்கு அது வேகம். புதிதாக வருபவருக்குப் பக்கம் முழுக்க 54.

ஒரு நிரலைப் பூட்டாமல் வைப்பது பாதி வேலை. முன்பின் தெரியாதவர் வந்து படிக்கும்படி வைப்பது மீதிப் பாதி. ஓரத்தின் வாழ்நாள் உழைப்பு இந்த மீதிப் பாதியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த மீதியையும் சேர்த்துச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2004இல் இண்டியானாவின் ரீகன்ஸ்ட்ரீஃப் ஆய்வு நிறுவன டாக்டர்கள் பால் பயாண்டிச்சும் பர்க் மாம்லினும் கென்யாவின் எல்டோரெட் நகருக்குப் போனார்கள். எச்.ஐ.வி. நோயாளிகளின் கூட்டம் பெருகிக்கொண்டே போனது, குறிப்புகளை வைத்திருந்த மென்பொருள் திணறியது. அங்கே முளைத்ததுதான் ‘ஓப்பன் எம்.ஆர்.எஸ்.’. 2006இல் எல்டோரெட்டில் பயன்பாட்டுக்கு வந்தது, அதே ஆண்டில் ருவாண்டாவுக்குப் போனது. அதன் நடுவில் இருப்பது ஓர் அகராதி. எடை, காய்ச்சல், மருந்து, நோய் என ஒவ்வொன்றும் அதில் ஒரு பதிவு. புதிய நோய்க்குப் புதிய படிவம் வேண்டுமென்றால் அகராதியில் சொல் சேர்த்தால் போதும், நிரலை உடைக்க வேண்டாம். சத்தீஸ்கர் மாநிலம் கனியாரியில் ‘ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக்’ நடத்தும் கிராம மருத்துவமனைக்காக இதன்மேல் இந்தியப் பொறியாளர்கள் கட்டிய ‘பாம்னி’ இன்று பல நாடுகளில் ஓடுகிறது.

ஆஸ்திரேலியரான கிரகாம் கிரீவ் 2011இல் தொடங்கிய ‘ஃபயர்’ என்ற தகவல் பரிமாற்றத் தரமும் இந்த வழியில் வந்தது. யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம், யாரும் பயன்படுத்தலாம். நம் நாட்டின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் மருத்துவக் குறிப்புகளைக் கைமாற்ற இதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது என் வீட்டில் நடந்த ஒன்று நினைவில் நிற்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். கையில் நான்கு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. வலி மாத்திரைக்கு எதிரே மூன்று ஆங்கில எழுத்துகள்: எஸ்.ஓ.எஸ். கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அபாயச் செய்தி என்றுதான் எங்களுக்குத் தெரியும். “உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் குடுக்கணும்போல” என்று அம்மா அந்த அட்டையைத் தனியே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். இரண்டு ராத்திரி அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் காலையில் தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்கு அந்தத் தாளை எடுத்துப்போனேன். கடைத் தம்பி பார்த்துவிட்டுச் சொன்னான்: “வலிச்சா போட்டுக்கச் சொல்லியிருக்காங்கண்ணே. வேற ஒண்ணுமில்ல.”

அவன் சொன்னதைப் பேனாவால் அந்த மூன்று எழுத்துக்குப் பக்கத்தில், தாளின் ஓரத்தில், தமிழில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

(அடுத்த வாரம்: தன் நெஞ்சுக்குள் வைக்கப்பட்ட கருவியின் நிரலைக் காட்டுங்கள் என்று கேட்ட வழக்கறிஞர் கேரன் சாண்ட்லர்)