ஐஎஸ்எல் கால்பந்து: தொடங்கும் நாள் வந்தது, மனக்குறை தீரவில்லை - கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்களின் அதிருப்திக்குக் காரணம் என்ன?

கொச்சி, ஜன.: இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துத் தொடர் பிப்ரவரி 14-ஆம் தேதி தொடங்கும் என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா ஜனவரி 6-ஆம் தேதி அறிவித்துள்ளார். 14 கிளப்புகளும் பங்கேற்கும் என்பதும் உறுதியாகியுள்ளது. வழக்கமாக செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்கும் தொடர், நடைபெறுமா என்பதே ஐயமாக இருந்த நிலையில், இந்த அறிவிப்பு ரசிகர்களுக்கு நிம்மதி அளித்திருக்க வேண்டும். எனினும், நாட்டின் மிகப் பெரிய கால்பந்து ரசிகர் கூட்டங்களுள் ஒன்றைக் கொண்ட கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் ஆதரவாளர்களிடையே மகிழ்ச்சியைவிட மனக்குறையே மேலோங்கி நிற்கிறது.

இந்த மனக்குறைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, அணி நிர்வாகத்தின் மீது பல ஆண்டுகளாகச் சேர்ந்துள்ள அதிருப்தி. மற்றொன்று, பாதியாகச் சுருங்கிய போட்டி அட்டவணை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருப்பதே இப்போதைய சிக்கலாகும்.

மூன்று இறுதிப் போட்டிகள், மூன்று தோல்விகள்

2014-இல் ஐஎஸ்எல் தொடங்கியபோது உருவான அணிகளுள் ஒன்று கேரளா பிளாஸ்டர்ஸ். கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கர் அதன் இணை உரிமையாளராக இருந்தார். 2018-இல் அவர் விலகினார். கொச்சி கலூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு சர்வதேச விளையாட்டரங்கை மஞ்சள் நிறத்தால் நிரப்பிய 'மஞ்ஞப்பட' என்ற ரசிகர் அமைப்பு நாடு முழுவதும் அறியப்பட்டது.

ஆனால், கோப்பை மட்டும் கைகூடவில்லை. முதல் பருவத்திலேயே இறுதிப் போட்டிக்கு முன்னேறிய அணி, மும்பையில் அட்லெடிகோ டி கொல்கத்தாவிடம் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் விழுந்த கோலால் 0-1 என வீழ்ந்தது. 2016-இல் சொந்த மண்ணான கொச்சியிலேயே அதே கொல்கத்தா அணியிடம் பெனால்டி முறையில் தோற்றது. 2022 மார்ச் மாதம் கோவாவில் ஹைதராபாத் அணியிடம் மீண்டும் பெனால்டியில் தோல்வி கண்டது. பத்து ஆண்டுகளைக் கடந்த பின்னும் பிளாஸ்டர்ஸ் அணியின் அலமாரியில் ஐஎஸ்எல் கோப்பை இல்லை.

தோல்வியைக் காட்டிலும் ரசிகர்களை வருத்துவது வீரர்கள் தொடர்ந்து வெளியேறுவதாகும். 2022 இறுதிப் போட்டி வரை அணியை அழைத்துச் சென்ற முன்கள வீரர்களான அல்வாரோ வாஸ்குவெஸ், ஜார்ஜ் பெரேரா டியாஸ் ஆகியோர் அடுத்த பருவத்திலேயே முறையே கோவா, மும்பை அணிகளுக்குச் சென்றனர். கேரள ரசிகர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாகக் கருதிய சஹல் அப்துல் சமத் 2023-இல் மோகன் பகானுக்கு மாறினார். 2023-24 பருவத்தில் 13 கோல்கள் அடித்து தங்கக் காலணி வென்ற டிமிட்ரியோஸ் டயமன்டகோஸும், நடுக்கள வீரர் ஜீக்சன் சிங்கும் 2024-இல் ஈஸ்ட் பெங்கால் அணியில் இணைந்தனர். நல்ல வீரரை உருவாக்கும் அணி, அவரைத் தக்கவைக்கும் அணியாக ஏன் இல்லை என்பதே ரசிகர்கள் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்வி.

இதற்கிடையே, 2023 மார்ச் மாதம் பெங்களூரு அணிக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தில், சுனில் சேத்ரி விரைவாக அடித்த ஃப்ரீ-கிக் கோலை எதிர்த்து பிளாஸ்டர்ஸ் வீரர்கள் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறினர். அதற்காக கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டங்கள் தடையும் விதிக்கப்பட்டன. அப்போது ரசிகர்கள் பயிற்சியாளரின் பக்கம் நின்றனர். மூன்று பருவங்களிலும் அணியை பிளே-ஆஃப் சுற்றுக்குக் கொண்டுசென்ற அவர், 2024 ஏப்ரலில் அணியை விட்டுப் பிரிந்தார்.

டிக்கெட் விற்பனைப் புறக்கணிப்பு

வுகோமனோவிச்சுக்குப் பின் வந்த ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் மிகேல் ஸ்டாரே, 12 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்ற நிலையில் 2024 டிசம்பரில் நீக்கப்பட்டார். பயிற்சியாளரைப் பலி கொடுப்பதால் நிர்வாகத்தின் பொறுப்பு நீங்கிவிடாது என்று ரசிகர்கள் கருதினர். அந்த நீக்கத்திற்குச் சில நாள்கள் முன்னரே, எஞ்சிய ஆட்டங்களுக்கான டிக்கெட் விற்பனையில் பங்கேற்கப்போவதில்லை என்று மஞ்ஞப்பட அறிவித்திருந்தது. அரங்கில் எதிர்ப்பு முழக்கங்கள் எழுந்தன. 2025 ஜனவரியில் கிளப் நிர்வாகம் ரசிகர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்கப்போவதாக அறிவித்தது. அந்தப் பருவத்தை அணி 24 ஆட்டங்களில் 29 புள்ளிகளுடன் 8-ஆவது இடத்தில் முடித்தது.

ரசிகரிடம் இருக்கும் ஒரே ஆயுதம் டிக்கெட் என்பார்கள். அந்த ஆயுதத்தை அடுத்த பருவத்தில் எவ்வாறு பயன்படுத்துவது என்று ரசிகர்கள் யோசித்துக்கொண்டிருந்த வேளையில், புறக்கணிப்பதற்கும் ஆட்டம் இல்லாத நிலை ஏற்பட்டது.

தொடர் ஏன் தடைப்பட்டது?

ஐஎஸ்எல் தொடரை நடத்தும் உரிமை, ரிலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த எஃப்எஸ்டிஎல் நிறுவனத்திடம் இருந்தது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துடன் (ஏஐஎஃப்எஃப்) 2010-இல் செய்துகொள்ளப்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தத்தின்படி, அந்நிறுவனம் சம்மேளனத்துக்கு ஆண்டுதோறும் 50 கோடி ரூபாய் அளித்து வந்தது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ஆம் தேதியுடன் முடிவடைய இருந்தது. பருவத்தின் நடுவே ஒப்பந்தம் காலாவதியாகும் என்பதால், 2025-26 தொடரை நிறுத்தி வைப்பதாக எஃப்எஸ்டிஎல் 2025 ஜூலையில் தெரிவித்தது.

ஒப்பந்தத்தை உடனே புதுப்பிக்க இயலாததற்கும் காரணம் இருந்தது. சம்மேளனத்தின் சட்டவிதிகள் தொடர்பான வழக்கு உச்சநீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. முன்னாள் நீதிபதி எல்.நாகேஸ்வர ராவ் தயாரித்த வரைவு விதிகளுக்கு 2025 செப்டம்பர் 19-ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அதன் பின்னரே வணிக உரிமைக்கான ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. ஆண்டுக்கு 37.5 கோடி ரூபாய் அல்லது மொத்த வருவாயில் 5 சதவீதம், இவற்றுள் எது அதிகமோ அதைச் சம்மேளனத்துக்குச் செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. நவம்பர் 7-ஆம் தேதி காலக்கெடு முடிந்தபோது ஒரு நிறுவனம்கூட விண்ணப்பித்திருக்கவில்லை.

இந்தக் காத்திருப்பின் சுமையை முதலில் சுமந்தவர்கள் வீரர்களும் பணியாளர்களுமே. பெங்களூரு எஃப்சி 2025 ஆகஸ்டில் முதன்மை அணியின் ஊதியத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் எஃப்சியும் முதன்மை அணியின் செயல்பாடுகளை நிறுத்தியது. மும்பை சிட்டி அணியில் முதலீடு செய்திருந்த சிட்டி ஃபுட்பால் குரூப் 2025 டிசம்பரில் வெளியேறியது. இந்தியக் கால்பந்தைக் காப்பாற்றுமாறு சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் உள்ளிட்ட வீரர்கள் காணொலி வாயிலாகச் சர்வதேசக் கால்பந்து சம்மேளனத்திடம் முறையிட்டனர். பிளாஸ்டர்ஸ் ரசிகர்களுக்குத் தனி இழப்பும் நேர்ந்தது. 2021 முதல் அணியின் உயிர்நாடியாக விளங்கிய உருகுவே வீரரும் கேப்டனுமான அட்ரியன் லூனா, ஜனவரித் தொடக்கத்தில் தற்காலிக ஒப்பந்தத்தில் வெளிநாட்டு கிளப்புக்கு அனுப்பப்பட்டார். தொடர் நடைபெறும் என்ற அறிவிப்பு அதற்குச் சில நாள்கள் கழித்தே வந்தது.

91 ஆட்டங்கள்: கணக்கு என்ன சொல்கிறது?

அறிவிக்கப்பட்டுள்ள முறைப்படி, ஒவ்வோர் அணியும் மற்ற 13 அணிகளுடன் ஒரு முறை மட்டுமே மோதும். எனவே, லீக் சுற்றில் மொத்தம் 91 ஆட்டங்கள் நடைபெறும். வழக்கம்போல இரு முறை மோதியிருந்தால் 182 ஆட்டங்கள் நடைபெற்றிருக்கும்.

இந்தக் குறைப்பு ரசிகர்களை நேரடியாகப் பாதிக்கிறது. கடந்த பருவத்தில் ஒவ்வோர் அணியும் சொந்த மண்ணில் 12 லீக் ஆட்டங்களில் விளையாடியது. இம்முறை 13 ஆட்டங்கள் என்பதால் அவற்றைச் சமமாகப் பிரிக்க இயலாது. பாதி அணிகளுக்கு 7 உள்ளூர் ஆட்டங்களும், மீதிப் பாதி அணிகளுக்கு 6 ஆட்டங்களும் அமையும். பெங்களூரு, சென்னை போன்ற பரம எதிரிகளுடனான ஆட்டம் ஒருமுறை மட்டுமே நடைபெறும். அது கொச்சியில் அமையாவிட்டால், மலப்புறத்திலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் பேருந்து பிடித்து வரும் ரசிகர் அந்த ஆட்டத்தை இவ்வாண்டு நேரில் காண இயலாது.

விளையாட்டு நியாயம் சார்ந்த கேள்வியும் இதில் அடங்கியுள்ளது. இரு முறை மோதும் தொடரில், வெளியூரில் தோற்ற அணிக்கு உள்ளூரில் பதிலடி கொடுக்க வாய்ப்புண்டு. ஒரு முறை மட்டும் மோதும் தொடரில் அந்த வாய்ப்பு இல்லை. வலுவான அணிகளை வெளியூரில் சந்திக்கும் கிளப்புக்கும், அதே அணிகளை உள்ளூரில் சந்திக்கும் கிளப்புக்கும் இடையே அட்டவணையே ஏற்றத்தாழ்வை உண்டாக்கிவிடும். கடைசி நேரத்தில் வீரர்களைச் சேர்க்கும் அணிகள், முதல் சில வாரங்களில் இழக்கும் புள்ளிகளை ஈடுசெய்யக் கால அவகாசமும் இராது.

ஆசியப் போட்டிகளிலும் இதன் தாக்கம் உண்டு. கண்ட அளவிலான போட்டிகளுக்குத் தகுதி பெற, ஒரு கிளப் பருவத்துக்குக் குறைந்தது 24 ஆட்டங்களில் விளையாடியிருக்க வேண்டும் என்பது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதி. 13 லீக் ஆட்டங்களுடன் சூப்பர் கோப்பை ஆட்டங்களைச் சேர்த்தாலும் அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது. எனவே, விதிவிலக்கு பெற்றாக வேண்டிய நிலையில் இந்தியக் கால்பந்து உள்ளது.

நாள்காட்டி எழுப்பும் தடைகள்

தொடங்கும் நாள் தெரிந்தாலும், எந்த ஆட்டம் எந்த நாளில் என்ற முழு அட்டவணையே ரசிகருக்குத் தேவை. விடுப்புக்கு விண்ணப்பிப்பதும், ரயில் முன்பதிவு செய்வதும் அதைப் பொறுத்தே அமையும். அந்த அட்டவணையைத் தயாரிப்பதும் இம்முறை எளிதன்று.

கேரளம், மேற்கு வங்கம், தமிழ்நாடு, அஸ்ஸாம் ஆகிய மாநிலங்களில் 2026 மே மாதத்துக்குள் சட்டப்பேரவைத் தேர்தல் நடைபெற வேண்டும். ஐஎஸ்எல் அணிகளில் ஆறு இந்த மாநிலங்களைச் சேர்ந்தவை: கேரளா பிளாஸ்டர்ஸ், சென்னையின் எஃப்சி, நார்த்ஈஸ்ட் யுனைடெட், கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங். தேர்தல் காலத்தில் விளையாட்டரங்கப் பாதுகாப்புக்குப் போதிய காவலர்களை ஒதுக்குவது கடினம். மார்ச் இறுதியில் சர்வதேச ஆட்டங்களுக்கான இடைவெளி, அதையொட்டித் தொடங்கும் ஐபிஎல் கிரிக்கெட், ஏப்ரல்-மே வெயில், ஜூன் தொடக்கத்தில் கேரளத்தை எட்டும் பருவமழை ஆகிய அனைத்தையும் கணக்கில் கொண்டே நாள்களைக் குறிக்க வேண்டும்.

ரசிகர்கள் முன் உள்ள கேள்வி

கிளப்புகளுக்குப் பொதுவாக வருவாய் வருவது மூன்று வழிகளில்: ஒளிபரப்பு மற்றும் மைய வருவாயில் பங்கு, விளம்பரதாரர்கள், டிக்கெட் விற்பனை. வணிகப் பங்குதாரர் இல்லாத இந்தப் பருவத்தில் முதல் வழி சுருங்கிவிட்டது. தொடரை நடத்த ஏறத்தாழ 25 கோடி ரூபாய் மைய நிதியாகத் திட்டமிடப்பட்டுள்ளது. ஆட்டங்கள் பாதியானதால் விளம்பரதாரரின் ஆர்வமும் குறையக்கூடும். எஞ்சியிருப்பது அரங்குக்கு வரும் ரசிகரின் பணமும், அவரது ஆரவாரமுமே.

இங்குதான் பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் இருதலைக் கொள்ளி எறும்பாகின்றனர். அரங்குக்குச் சென்றால், வீரர்களை இழந்து, கோப்பையின்றித் தொடரும் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும். செல்லாமல் இருந்தால், காலியான இருக்கைகள் இந்தியக் கால்பந்துக்குச் சந்தை மதிப்பில்லை என்பதற்குச் சான்றாக அடுத்த ஒப்பந்தப்புள்ளியின்போது காட்டப்படும். 2024 டிசம்பரில் நிர்வாகத்தை நோக்கி மட்டும் நீண்ட எதிர்ப்பு, இப்போது தொடரின் எதிர்காலத்தையே தொடக்கூடியதாகிவிட்டது.

ரசிகர்களின் கோரிக்கைகள் பெரியவை அல்ல. உரிய காலத்தில் அட்டவணை, வீரர்களைத் தக்கவைக்கும் தெளிவான கொள்கை, முடிவுகள் குறித்து முன்கூட்டியே விளக்கம் ஆகியவையே அவை. 91 ஆட்டங்கள் கொண்ட இந்தச் சுருக்கமான பருவம் இந்தியக் கால்பந்துக்குக் கிடைத்துள்ள தற்காலிக மூச்சு மட்டுமே. 2026-27 பருவத்துக்கான நீண்ட கால ஒப்பந்தமும், ஆண்டு நாள்காட்டியும் இப்பருவம் முடிவதற்குள் உறுதியாகாவிட்டால், அடுத்த ஜூலையிலும் கலூர் அரங்கின் வாயிலில் இதே கேள்வியே காத்திருக்கும்.