திரைக்குப் பின்னே பிறக்கும் நகை

அரபிக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் இலக்கிய நூல்களுள் ஒன்று, பஸராவைச் சேர்ந்த அல்ஹரீரி (ஹிஜ்ரி 446–516) இயற்றிய ‘அல்மகாமாத்’ ஆகும். ஐம்பது பகுதிகளைக் கொண்ட இந்நூலை நான் ஓதிய நாள்களில், ஒவ்வொரு வரியிலும் அருஞ்சொற்களைத் தேடிப் பொருள் எழுதி மனனம் செய்தோம். வேர்ச்சொல் எது, அதன் பன்மை எது, இலக்கண அமைதி யாது என்பனவே தேர்வில் வினாக்களாக வந்தன. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் வகுப்பில் ஒருவரும் ஒருமுறையேனும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

இதிலுள்ள விந்தை யாதெனில், மகாமாத் நகைச்சுவை நூல் என்பதே. அதன் முதற்பகுதியில், யமன் நாட்டின் ஸன்ஆ நகரில் துறவுக்கோலம் பூண்ட ஒருவர் மரணத்தையும் மறுமையையும் எடுத்துரைத்துக் கூட்டத்தை அழ வைக்கிறார். மக்கள் மனமுருகிப் பொருளை அள்ளித் தருகின்றனர். கதை சொல்லும் ஹாரிஸ் இப்னு ஹம்மாம் அவரை மறைவாகப் பின்தொடர்ந்து ஒரு குகையை அடைகிறார். அங்கே மென்மையான ரொட்டியும் பொரித்த ஆட்டுக்குட்டியும் மதுச்சாடியும் விரிந்திருக்க, சீடனுடன் அமர்ந்து விருந்துண்டுகொண்டிருக்கிறார் அந்த உபதேசி. அவர்தாம் அபூ ஸைத் அஸ்ஸரூஜி. நூல் முழுவதும் வேடம் மாற்றி மாற்றி ஊரை ஏய்க்கும் அவர், இறுதிப் பகுதியில் உண்மையாகவே மனந்திருந்துகிறார். இத்தகைய நூலை நாம் அகராதியாக மாற்றிக்கொண்டோம்.

விடுமுறையில் கண்ட கூத்து

அதே ஆண்டுகளில் விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, பக்கத்து ஊர்த் திடலில் தோல்பாவைக்கூத்து நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். வெள்ளைத் துணித்திரை, அதன் பின்னே ஒரு விளக்கு, ஆட்டுத்தோலில் வெட்டி, துளையிட்டு, வண்ணம் தீட்டிய பாவைகள். இராமாயணக் கதை உருக்கமாகச் சென்றுகொண்டிருக்கையில் திடீரென இருவர் திரைக்குள் புகுந்தனர். ஒருவன் உச்சிக்குடும்பன், மற்றவன் உளுவத்தலையன். அரசரும் முனிவரும் செந்தமிழில் பேசிக்கொண்டிருந்த திரையில் இவ்விருவரும் நாஞ்சில் நாட்டு வயல்வரப்புப் பேச்சில் ஒருவரையொருவர் ஏசினர், அடித்துக்கொண்டனர், ஊர் நடப்பைக் கிண்டல் செய்தனர். பாடவகுப்பில் சிரிக்காத நான் அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இக்கூத்தை நிகழ்த்துவோர் மண்டிகர் எனப்படுவர். இவர்களின் வீட்டுமொழி மராத்தி; ஆண்கள் ‘ராவ்’ என்னும் பெயரொட்டு உடையவர்கள். தஞ்சையில் மராட்டியர் ஆட்சி (1676–1855) நிலவிய காலத்தையொட்டித் தமிழகம் வந்தவர்கள் என்பது ஆய்வாளர் கருத்து. குடும்பமே ஒரு குழுவாக ஊர் ஊராகச் சென்று, ஓரூரில் பல இரவுகள் தங்கிக் கூத்து நடத்துவர். எல்லாப் பாவைகளையும் ஆட்டுபவரும் எல்லாக் குரல்களிலும் பேசுபவரும் ஒருவரே. மனைவி மக்கள் பின்னணி இசைக்கும் பிற உதவிகளுக்கும் துணை நிற்பர். வீட்டில் மராத்தி பேசுவோரே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளின் பேச்சுத்தமிழை அதன் ஏற்ற இறக்கங்களோடு திரையில் காத்து வந்துள்ளனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியின் தோல்பாவைக்கூத்தோ இதனின்றும் வேறுபட்டது. அங்கே பகவதி கோயில்களை ஒட்டிய கூத்துமாடங்களில், 21 விளக்குகளின் ஒளியில், கம்பராமாயணப் பாடல்களும் அவற்றின் விரிவுரையும் முதலிடம் பெறும். அது புலவர்களின் கலை. நம் மாவட்டத்துக் கூத்து பெரிதும் பொதுமக்களின் நகைப்பை நம்பி வாழ்ந்த கலை. அதனாலேயே கற்றோர் இதனைத் தாழ்வாகக் கருதினர் போலும்.

கெய்ரோவின் கண் மருத்துவர்

அரபு இலக்கிய வரலாற்றை விரிவாகப் படிக்கத் தொடங்கிய பின்னரே, அந்தத் திடலில் நான் கண்ட கலைக்கு அரபுலகிலும் ஓர் உறவு உண்டென அறிந்தேன். அரபியில் அது ‘கயாலுழ் ழில்’, அதாவது நிழற்கூத்து எனப்படும். மோஸுல் நகரில் பிறந்து கெய்ரோவில் குடியேறிய இப்னு தானியால் (ஹிஜ்ரி 646–710) தொழிலால் கண் மருத்துவர். நண்பர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க அவர் எழுதிய மூன்று நிழற்கூத்து நாடகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

அவற்றுள் ‘அஜீப் வ கரீப்’ என்னும் நாடகத்திற்குக் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சந்தைத் திடலில் உபதேசி, பாம்பாட்டி, போலி மருத்துவன், சோதிடன், கழைக்கூத்தாடி, விலங்குகளைப் பழக்குவோன் என ஒவ்வொருவராகத் திரையில் தோன்றித் தத்தம் தொழிலைப் பெருமையடித்துவிட்டுச் செல்கின்றனர். சுல்தான்களின் போர்களை வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தனர். அக்காலத்துப் பாம்பாட்டி எப்படிக் கூவினான், போலி மருத்துவன் எச்சொற்களால் மயக்கினான் என்பதை இந்த நகைச்சுவை நாடகம் காத்து வைத்தது. நகைச்சுவை அற்பமானது என ஒதுக்குவோர் இழப்பது இத்தகைய செய்திகளையே.

இந்நாடகங்களில் கூசத்தக்க பேச்சுகள் மிகுதி; அவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. இதன் காரணமாகவே நீண்ட காலம் இவை முழுமையாக அச்சேறவில்லை. ஜெர்மானிய அறிஞர் பவுல் காலே பல்லாண்டுகள் உழைத்துச் செப்பம் செய்த பதிப்பு, அவர் மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் 1992இல்தான் வெளிவந்தது.

நிழற்கூத்தைச் சான்றோர் எவ்வாறு நோக்கினர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. சுல்தான் ஸலாஹுத்தீன் தம் அமைச்சர் காழி அல்ஃபாழிலுக்கு இக்கூத்தைக் காட்ட விரும்பியபோது, காழி தயங்கி எழுந்துவிட்டாராம். பின்னர் சுல்தானுக்காக அமர்ந்து இறுதிவரை பார்த்தார். எப்படி இருந்தது எனக் கேட்கப்பட்டபோது, அரசுகள் வருவதையும் போவதையும் கண்டதாகவும், திரை சுருட்டப்பட்டதும் அனைத்தையும் இயக்கியவர் ஒருவரே எனக் கண்டதாகவும், அது தமக்குப் பெரும் படிப்பினை என்றும் விடையளித்தார். ஞானி இப்னு அரபியும் தம் ‘ஃபுதூஹாத்’ நூலில் இக்கூத்தை உவமையாக எடுத்தாள்கிறார்.

துருக்கியில் ரமழான் இரவுகளில் நடைபெற்றுவந்த கராகோஸ் கூத்தில், ஹாஜிவாத் கற்றோர் மொழியில் பேச, கராகோஸ் அதனைத் தவறாகப் புரிந்துகொண்டு பாமர மொழியில் மறுமொழி தருவான். அங்கே நகைப்பு பிறக்கும். ஜாவாவின் வயாங் கூத்திலும் செமார் என்னும் பணியாளும் அவன் மக்களும் வீரர்களின் கதைக்கிடையே புகுந்து சிரிக்க வைக்கின்றனர். உயர்நடைக்கும் பேச்சுநடைக்கும் இடையிலான உரசலே இவை அனைத்திற்கும் பொதுவான அடிப்படை எனலாம். உச்சிக்குடும்பனும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவனே. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

சுவைக்கும் முறை

இத்தகைய கலைகளைச் சுவைப்பதற்குத் தனிப்புலமை தேவையில்லை. சிறிது ஆயத்தம் போதும். முதலாவதாக, மூலக்கதையை அறிந்திருத்தல் வேண்டும். எங்கே கதை விலகுகிறது என்பது தெரிந்தால்தான் விலகலின் சுவை புலப்படும். இரண்டாவதாக, காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நகைச்சுவை பெரும்பாலும் சொற்களில் உள்ளது. மூன்றாவதாக, இயன்றால் அனுமதி பெற்றுத் திரைக்குப் பின்னும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். ஒரே மனிதர் இரு கைகளால் இருவரை ஆட்டியபடி, மூச்சு விடும் நேரத்திற்குள் குரலை மாற்றிச் சண்டையிடுவதைக் காண்பவர் அக்கலையை ஒருபோதும் இகழார்.

இங்கே ஓர் அவசரமும் உண்டு. இப்னு தானியால் எழுதி வைத்தமையால் எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் கெய்ரோவின் சந்தை நமக்குக் கேட்கிறது. உச்சிக்குடும்பன் பேச்சோ பெரிதும் அந்தந்த இரவில் பிறந்து, அந்த இரவோடு மறைவது. அ.கா. பெருமாள், மு. இராமசாமி போன்ற ஆய்வாளர்கள் இக்கூத்தைப் பற்றி எழுதியுள்ளனர். எனினும் நூல் கலையைப் பற்றிச் சொல்லலாம். கலைஞருக்குக் கூட்டம் சேர்த்துத் தர இயலாது. பார்ப்போர் குறைந்தால் தந்தையின் குரல்களை மகன் கற்பதில்லை. இராமாயணம் ஏடுகளிலும் அச்சிலும் நிலைத்திருக்கும். அதற்கிடையே புகுந்து பேசிய அந்த இருவரும் கலைஞரோடு போய்விடுவர்.

சில ஆண்டுகளாக நான் மகாமாத்தின் முதற்பகுதியைக் கற்பிக்கும் முறையை மாற்றியுள்ளேன். அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறியபின், ஒரு மாணவர் அபூ ஸைதாகவும் மற்றொருவர் ஹாரிஸாகவும் எழுந்து நின்று உரக்கப் படிக்க வேண்டும். உபதேசக் குரலில் தொடங்கிய மாணவர் குகைக்குள் வந்ததும் குரலை மாற்றினால் வகுப்பு தானாகவே சிரிக்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவர் குகைக் காட்சிக்கு வந்ததும் தமிழுக்குத் தாவி, தம் ஊர்ப் பேச்சிலேயே அபூ ஸைதைப் பேச வைத்தார். இக்குரல் எங்கே கற்றது என வினவினேன். சிறுவயதில் தம் பாட்டனார் தோளில் அமர்ந்து பார்த்த பாவைக்கூத்தில் என்றார்.